பலகைக்குப் பகை ஈரம்

தமிழ்ச் சமையலறைக்குள் காய் நறுக்கும் பலகை நுழைந்து அதிகக் காலம் ஆகவில்லை. அரிவாள்மனையில் நறுக்கிய வரையில் காய்க்கும் மரத்துக்கும் தொடர்பே கிடையாது. இரும்பு நிமிர்ந்து நிற்கும். காய் அதன்மேல் போகும். துண்டுகள் தட்டிலோ முறத்திலோ விழும். கட்டை காலால் அழுத்திப் பிடிப்பதற்கு மட்டும்தான். பிறகு நின்றுகொண்டு சமைக்கும் மேடை வந்தது, கத்தி வந்தது, கத்தியோடு பலகையும் வந்தது. செக்கையும் மத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பேணிய வீடுகளில்கூட இந்தப் பலகையை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனது.

ஆள் இல்லாத இடத்தில் ஆலோசனைகள் குவிந்துவிட்டன. எலுமிச்சை மூடியால் தேயுங்கள், வினிகரும் சமையல் சோடாவும் கலந்து ஊற்றுங்கள், தேங்காய் எண்ணெய் பூசுங்கள், உச்சி வெயிலில் போடுங்கள். எல்லாவற்றுக்கும் ‘இயற்கை முறை’ என்று ஒரே பெயர். இவற்றுள் சில வேலை செய்கின்றன, ஆனால் நாம் நினைக்கும் வேலையை அல்ல. ஒன்றிரண்டு பலகையையே கெடுக்கின்றன. எது எந்த ரகம் என்று பிரிக்க வேண்டுமானால், மரத்துக்குள் தண்ணீர் என்ன செய்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மரம் இறந்த பிறகும் குடிப்பதை நிறுத்துவதில்லை. உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றிய நுண்குழாய்கள் பலகையாக அறுக்கப்பட்ட பின்னும் அப்படியே இருக்கின்றன. அவற்றின் சுவர்களில் உள்ள செல்லுலோஸுக்கும் ஹெமிசெல்லுலோஸுக்கும் நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. சுற்றியுள்ள காற்றில் ஈரம் கூடினால் மரம் உறிஞ்சும், குறைந்தால் விட்டுக்கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது பெரும்பாலான மரங்கள் தம் எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் நீரை வைத்திருக்கும். 80 சதவீதமானால் அது 16 சதவீதத்தை நெருங்கும். சொட்டுத் தண்ணீர் மேலே விழாமலேயே இவ்வளவும் நடக்கிறது.

இந்தக் குடிக்கும் குணத்தைக் காட்டித்தான் மரப்பலகையின் மேல் பழி போட்டார்கள். நுண்துளைகளுக்குள் இறைச்சிச் சாறு போய்விடும், கிருமிகள் அங்கே குடியிருக்கும், வழவழப்பான பிளாஸ்டிக்தான் சுகாதாரமானது என்ற பேச்சு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுத்தது. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் உணவு நுண்ணுயிரியலாளர் டீன் கிளைவரும் அப்படித்தான் நினைத்தார். வீட்டிலிருக்கும் மரப்பலகையைப் பிளாஸ்டிக் அளவுக்காவது பாதுகாப்பாக ஆக்க ஒரு வழி கண்டுபிடிக்கலாம் என்றுதான் அவருடைய குழு ஆய்வைத் தொடங்கியது.

முடிவுகள் 1994இல் ‘ஜர்னல் ஆஃப் ஃபுட் புரொடெக்‌ஷன்’ இதழில் வெளிவந்தன. மேப்பிள், பீச், ஓக், செர்ரி, வால்நட் உள்ளிட்ட பல மரங்களின் துண்டுகள் மீதும் பலவகைப் பிளாஸ்டிக் துண்டுகள் மீதும் ஈ.கோலை, சால்மோனெல்லா, லிஸ்டீரியா கிருமிகளைத் தடவி, சிறிது நேரம் கழித்து எத்தனையைத் திரும்ப எடுக்க முடிகிறது என்று பார்த்தார்கள். பிளாஸ்டிக்கில் மணிக்கணக்கில் கிருமிகள் கிடைத்தன. ஈரமாக இரவு முழுக்க விட்டால் பெருகவும் செய்தன. மரத்தில் நடந்தது வேறு. திரவம் 3 முதல் 10 நிமிடத்துக்குள் உள்ளே இழுக்கப்பட்டுவிட்டது. சமையலறையில் பச்சை இறைச்சியிலிருந்து வரக்கூடிய அளவான ஆயிரம், பத்தாயிரம் கிருமிகள் என்றால், உள்ளே போன பிறகு பெரும்பாலும் ஒன்றைக்கூடத் திரும்ப எடுக்க முடியவில்லை. புதுப் பலகை, பழைய பலகை என்ற வித்தியாசம்கூடப் பெரிதாக இல்லை.

காரணம் மாயமொன்றும் இல்லை. நுண்குழாய்கள் நீரை உள்ளே இழுக்கும்போது கிருமியும் கூடவே போகிறது. போன இடத்தில் நீர் குழாய்ச் சுவருக்குள் ஊறிப் பரவிவிடுகிறது. பாக்டீரியா காய்ந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது. அங்கே அது பெருக முடியாது. மேலே ஏறி வரவும் வழியில்லை. மெல்ல மெல்லச் செத்துப்போகிறது. எதைக் குறை என்று சொன்னோமோ அதுவே காவலாக இருக்கிறது.

இந்த ஆய்வைத்தான் ‘மரத்துக்கு இயற்கையாகவே கிருமிகளைக் கொல்லும் சக்தி’ என்று விளம்பரக்காரர்கள் சுருக்கிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போகக் கூடாது. பைன், ஓக் போன்ற சில மரங்களின் சாற்றுப் பொருள்களுக்குக் கிருமிகளை ஒடுக்கும் தன்மை உண்டு என்று ஜெர்மன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் கிளைவரின் குழுவே பத்து லட்சத்துக்கும் மேல் கிருமிகளைத் தடவியபோது, ஈரப்பதம் மிகுந்த சூழலில் 12 மணி நேரம் கழித்தும் மரத்திலிருந்து சிலவற்றை மீட்டெடுத்தது. எண்ணிக்கை 98 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது, அவ்வளவுதான். அதே காலத்தில் வேறொரு குழு, மரத்துக்குள் சிக்கிய கிருமிகள் உடனே சாவதில்லை என்று எச்சரித்தது. கோழிச் சாறு வழியும் பலகையில் அடுத்த நிமிடமே வெள்ளரிக்காய் நறுக்கினால், பலகை தேக்கா பிளாஸ்டிக்கா என்று வயிறு விசாரிக்காது. இந்த ஆய்வுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மரத்தின் பாதுகாப்பு அது காய்வதில் இருக்கிறது. காயவிடாத பலகைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே கழுவும் முறை சுருக்கமானது. நறுக்கி முடித்ததும் வெந்நீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, நார். இரு பக்கமும், விளிம்பும். நல்ல நீரில் அலசித் துணியால் ஒற்றி எடுத்து, செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். சோப்பு இயற்கைப் பொருளா என்று சிலர் தயங்குகிறார்கள். பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரும் கொழுப்பை எடுக்கும். அதிலுள்ள சப்போனினும் சோப்பைப் போலத்தான் வேலை செய்கிறது. ஆனால் அது கசக்கும், குடிக்கிற மரம் அந்தக் கசப்பையும் குடிக்கும். அடுப்புச் சாம்பல் பித்தளைக்கும் ஈயச் சொம்புக்கும் சரி. அதன் காரம் மரத்தைக் கருக்க வைத்து மேற்பரப்பை நார்நாராக்கிவிடும். சாதாரணப் பாத்திரச் சோப்பே போதும்.

தொட்டியில் ஊறப்போடுவதுதான் பெருங்குற்றம். ஆசாரிகள் நன்றாக அறிந்த ஒரு செய்தி இதில் இருக்கிறது: மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக ஊதுவதில்லை. நீளவாக்கில் அநேகமாக அசைவதே இல்லை. ஆண்டு வளையங்களுக்குக் குறுக்காகக் கொஞ்சம், வளையங்களை ஒட்டிய திசையில் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. பச்சை மரம் முற்றிலும் காயும்போது தேக்கு ஒரு திசையில் 2.5 சதவீதமும் மறு திசையில் 5.8 சதவீதமும் சுருங்கும். அமெரிக்கர்கள் விரும்பும் வன் மேப்பிள் 4.8, 9.9. இதை வைத்துக் கணக்குப் போட்டால், 30 செ.மீ. அகலப் பலகையில் ஈரம் 5 சதவீதப் புள்ளிகள் ஏறி இறங்கும்போது தேக்கு சுமார் 3 மி.மீ., மேப்பிள் சுமார் 5 மி.மீ. அகலம் மாறும். பல துண்டுகளை ஒட்டிச் செய்த பலகையில் ஒவ்வொரு துண்டும் தன் போக்கில் ஊதிச் சுருங்கினால் பசை எத்தனை நாள் தாங்கும்? பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்ட பலகைகள் ஒட்டுவாயில் பிளப்பது இதனால்தான்.

ஒரு பக்கம் மட்டும் நனைந்தாலும் சிக்கல்தான். கழுவிய பலகையைக் கிரானைட் மேடையில் அப்படியே படுக்க வைக்கிறோம். அடிப்பக்கம் நீரோடு ஒட்டிக்கிடந்து ஊதுகிறது, மேல்பக்கம் மின்விசிறிக் காற்றில் சுருங்குகிறது. சில வாரங்களில் பலகை கிண்ணம்போல் குழிந்து, காய் நறுக்கும்போது ஆட ஆரம்பிக்கிறது. ஆடும் பலகை கைவிரலுக்கு ஆபத்து. இதைச் சரிசெய்யவும் அதே தண்ணீர்தான். குழிந்த பக்கம் சுருங்கிப்போன பக்கம். அதை ஈரத்துணி மீது கவிழ்த்து, மேலே கனம் வைத்து ஓரிரவு விட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். பிறகு நிறுத்திவைத்து இரு பக்கமும் சமமாகக் காயவிட வேண்டும். உச்சி வெயிலில் படுக்கப் போடுவதும் இதே காரணத்தால் கெடுதல். காலை வெயிலில், நிறுத்தி வைத்தபடி, கொஞ்ச நேரம் என்றால் நல்லது.

மழைக்காலம் தனிக் கதை. பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பெருகுவதற்குத் தாராளமான நீர் வேண்டும். உணவு விஞ்ஞானிகள் தூய நீரை 1 என்று வைத்துக்கொண்டு, ஒரு பொருளில் உயிர்களுக்குக் கிடைக்கக்கூடிய நீரை அளக்கிறார்கள். அந்த அளவு 0.91க்குக் கீழே போனால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் நின்றுவிடும். பூஞ்சைகளுக்கு 0.8 இருந்தாலே போதும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நாள்கணக்கில் நின்றால் அதில் கிடக்கும் மரமும் 0.8க்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலோ கடலூரிலோ இது சர்வ சாதாரணம். மேலுக்குக் காய்ந்ததுபோல் இருக்கும் பலகையில் கருப்பும் பச்சையுமாகப் பூசணம் பூப்பது அதனால்தான். அந்த நாள்களில் பலகையை மூடிய அலமாரிக்குள் வைக்காமல், காற்றோடும் இடத்தில் நிறுத்துவதே மருந்து. மேலாகப் பூத்த பூசணத்தை வினிகர் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடலாம். தேய்க்கத் தேய்க்கக் கருப்பு உள்ளே போய்க்கொண்டே இருந்தால் பலகைக்கு விடைகொடுக்க வேண்டியதுதான்.

எலுமிச்சைக்கு வருவோம். அரை எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுப் பலகையைத் தேய்ப்பது உண்மையிலேயே நல்ல வழக்கம். உப்பின் பரல்கள் மேற்பரப்பைச் சுரண்டி, கீறல்களில் சிக்கிய துணுக்குகளைக் கிளப்புகின்றன. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் மீன் வாடையைப் போக்குகிறது. மீனின் கவிச்சிக்கு முக்கியக் காரணம் டிரைமீத்தைலமீன் என்ற காரப்பொருள். அது ஆவியாகி மூக்குக்கு வருவதால்தான் நாறுகிறது. அமிலம் பட்டதும் அது உப்பாக மாறி, ஆவியாகாமல் தங்கிவிடுகிறது, கழுவினால் போய்விடும். மீன் கழுவும்போது புளியோ எலுமிச்சையோ சேர்ப்பதன் வேதியியலும் இதுதான். பூண்டு, வெங்காய வாடை வேறு சாதி. அது கந்தகச் சேர்மங்களிலிருந்து வருவது, அமிலத்துக்கு அவற்றிடம் இந்தப் பிடி கிடையாது. அங்கே உப்புத் தேய்ப்பும் சோப்பும் காற்றும்தான் உதவும்.

ஆனால் எலுமிச்சையும் உப்பும் தேய்த்ததால் கிருமி ஒழிந்தது என்று எண்ணக் கூடாது. உப்பு கிருமியிடமிருந்து நீரை உறிஞ்சும்தான். கருவாட்டைக் காப்பாற்றுவதும் அதுவே. அதற்கு நாள்கணக்கு வேண்டும், அரை நிமிடத் தேய்ப்பு போதாது. கடையில் கிடைக்கும் வினிகரில் அசிட்டிக் அமிலம் 4, 5 சதவீதம் இருக்கும். அது சில பாக்டீரியாக்களைக் குறைக்கும், எல்லாவற்றையும் அல்ல. வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து ஊற்றும் பழக்கம் மட்டும் எனக்குப் புரிந்ததே இல்லை. நுரை பொங்குவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, கார்பன் டை ஆக்சைடு பறந்துபோகிறது, பலகையில் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். தனியாகவாவது ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் இருந்தது.

பச்சைக்கோழி நறுக்கிய பலகைக்கு மட்டும் சோப்புக்கு மேல் ஒரு படி தேவைப்படலாம். அமெரிக்க வேளாண் துறை சொல்வது, வாசனை சேர்க்காத குளோரின் பிளீச் ஒரு மேசைக்கரண்டியை ஒரு காலன் நீரில், அதாவது லிட்டருக்குச் சுமார் 4 மி.லி., கலந்து பலகையை நனைத்து, அலசிக் காயவைப்பது. இயற்கைப் பிரியர்களுக்கு இது உவப்பாக இருக்காது. அவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு: இறைச்சிக்கும் மீனுக்கும் ஒரு பலகை, பச்சையாகத் தின்னும் காய்கனிகளுக்கு வேறொரு பலகை. பிளீச்சைவிட இது பெரிய காப்பு. முதலாவது பலகையில் வெட்டியதெல்லாம் எப்படியும் கொதிக்கப்போகிறது.

கறைகளைப் பற்றி நம் சமையலில் தனியே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மேப்பிள் பலகை செய்தவர்கள் மஞ்சளை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பச்சை மஞ்சள் நறுக்கிய பலகைக்குச் சோப்புப் போட்டால் கறை சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேரும்போது நடப்பது இங்கும் நடக்கிறது: காரம் பட்டதும் குர்குமின் நிறம் மாறுகிறது. பயப்பட வேண்டாம், கறை கூடிவிடவில்லை. குர்குமின் ஒளிக்கு நிற்காது. இரண்டு மூன்று காலை வெயிலில் மூலக்கூறு உடைந்து தானாகவே வெளிறிவிடும். தேய்த்து மாள்வதைவிட இதுவே நலம்.

வாழைக்காய், வாழைப்பூக் கறை பிடிவாதமானது. அவற்றின் துவர்ப்புப் பொருள்கள் காற்றுபட்டு நொதியின் உதவியோடு கருக்கின்றன. நறுக்கிய வாழைப்பூவை மோரில் போடுவதும் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும் எதற்கு என்று யோசித்தால் பலகைக்கும் வழி கிடைத்துவிடும். நறுக்குவதற்கு முன்பே பலகையில் சிறிது எண்ணெய் தடவி, முடித்ததும் தாமதிக்காமல் கழுவ வேண்டும். பலாப்பழப் பாலுக்கும் எண்ணெய்தான். தண்ணீரும் சோப்பும் அதைத் தொடாது.

மூன்றாவது வகைக் கறை மரமும் இரும்பும் சேர்ந்து போடுவது. ஈரமான பலகைமேல் இரும்புக் கத்தியை வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது கத்தியின் உருவத்தில் நீலக்கருப்பாக ஒரு தடம் கிடக்கும். மரத்தின் டானினும் இரும்பும் கூடி உண்டாக்கிய மை அது. கடுக்காயையும் இரும்பு உப்பான அன்னபேதியையும் சேர்த்து ஒரு காலத்தில் எழுதும் மை காய்ச்சியதும் இதே வினைதான். எலுமிச்சைச் சாற்றைப் பூசிச் சற்று நேரம் விட்டால் சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்துக்கொள்ள, தடம் மங்கும். சமையல் சோடாவைக் கொண்டு தேய்த்தால் டானின் நிறைந்த மரம் மேலும் கருக்கும்.

இனி எண்ணெய். அதிகக் குழப்பம் இங்கேதான். எண்ணெய் பூசுவது கிருமிக்காக அல்ல. கிளைவரின் ஆய்விலும் கனிம எண்ணெய் தடவியதால் கிருமிக் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை. நுண்குழாய்களின் வாயை எண்ணெயால் நிரப்பிவிட்டால் நீர் உள்ளே போகும் வேகம் குறையும், ஊதலும் சுருக்கமும் மட்டுப்படும், பிளவு தள்ளிப்போகும். அதற்காகத்தான் எண்ணெய்.

எந்த எண்ணெய் என்பதை அதன் வேதியியல் தீர்மானிக்கிறது. கொழுப்பு அமிலச் சங்கிலிகளில் எத்தனை இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றனவோ அத்தனைக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரியும். அயோடின் எண் என்ற அளவு இதைச் சொல்கிறது. தேங்காய் எண்ணெய்க்கு 10க்குப் பக்கத்தில். நல்லெண்ணெய்க்கு 100க்குச் சற்று மேல். ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கும் மேல். மேல்கோடியில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு தன்னோடு தானே பின்னிக் கெட்டியான படலமாகிவிடும். மரத்துக்கு அது நல்ல காப்பு. வண்ணம் தீட்டுவோர் நூற்றாண்டுகளாக நம்பியிருப்பதும் அதையே. ஆனால் ஹார்டுவேர் கடையில் ‘காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்’ என்று விற்பதில் சீக்கிரம் உலர்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு உப்புகள் கலந்திருக்கும். சாப்பாட்டுப் பலகைக்கு அது ஆகாது. தூய எண்ணெயைப் பூசினாலும், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆக்சிஜனேற்றத்தின் வெப்பம் உள்ளேயே தேங்கித் துணி தானாகத் தீப்பிடிக்கக்கூடும். நீரில் நனைத்து வையுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

நடுவில் இருக்கும் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் இரண்டும்கெட்டான் வகை. முழுதாக உலர்ந்து படலமாகவும் செய்யாது, சும்மா கிடக்கவும் செய்யாது. பிசுபிசுத்து, காறல் வாடை அடித்து, தூசியையும் சேர்த்துக்கொள்ளும். நல்லெண்ணெயில் இயற்கையாக உள்ள சில பொருள்கள் காறலைக் கொஞ்சம் தள்ளிப்போடும், தடுக்காது. சமையல் எண்ணெய்களுள் தேங்காய் எண்ணெய்தான் பரவாயில்லை. அதில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதில் பாதியளவு லாரிக் அமிலம். இரட்டைப் பிணைப்பு குறைவு என்பதால் கெடுவதற்கு நாள் பிடிக்கும். சுத்திகரித்ததாக இருந்தால் மேலும் நல்லது. செக்கு எண்ணெயின் மணம் தாளிப்புக்கு அழகு. வெட்டும் பலகையில் தங்கிவிட்டால் ஆப்பிளும் தேங்காய் மணக்கும். 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் உறைந்துவிடும் என்பதால் மார்கழியில் லேசாகச் சூடாக்கிப் பூச வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடச் சரியாகப் பொருந்துவது மருந்துக்கடையில் மலமிளக்கியாக விற்கும் லிக்விட் பாரஃபின். இரட்டைப் பிணைப்பே இல்லாத கனிம எண்ணெய். கெடாது, நாறாது, நிறமில்லை. மருந்துத் தரத்தில் சுத்திகரித்தது என்பதால் பலகைக்குப் பூச அஞ்ச வேண்டியதில்லை. மூலம் கச்சா எண்ணெய் என்பதால் ‘இயற்கை’ என்று பெயர் சூட்ட முடியாது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், பெயருக்காகக் காறல் எண்ணெயில் காய் நறுக்குவதைவிட இது மேல். பெட்ரோலியம் கூடவே கூடாது என்பவர்களுக்குத் தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் கலந்த களிம்பு இருக்கிறது. எடையில் ஒரு பங்கு மெழுகுக்கு நான்கு பங்கு எண்ணெய். நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும். தேனீக்கள் அறைகளைக் கட்டும் பொருள் நீரைச் சட்டை செய்யாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பூசும் விதம்: முழுக்கக் காய்ந்த பலகை, லேசாகச் சூடான எண்ணெய், இரு பக்கமும் விளிம்பும், இரவு முழுக்க ஊறல், காலையில் மிஞ்சியதைத் துடைத்தல். புதுப் பலகைக்கு இப்படிச் சில தடவை. ரேகை முடியும் இரு ஓரங்கள் மற்ற இடங்களைவிட அதிகம் குடிக்கும், அங்கே தாராளமாக விட வேண்டும். அடுத்து எப்போது பூசுவது என்பதற்கு நாள்காட்டி வேண்டாம். பலகையில் சில துளி நீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக நின்றால் பலகை நலம். பரவி, அந்த இடம் கருத்தால் எண்ணெய் கேட்கிறது.

புதிதாக வாங்குபவர்களுக்கு மரத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்க உணவு விதித்தொகுப்பு வணிகச் சமையலறைகளில் பொதுவாக மரத்தைத் தடுத்தாலும், வெட்டும் பலகை போன்ற சிலவற்றுக்கு வன் மேப்பிளையோ அதற்கு நிகரான கடினமும் நெருக்கமான ரேகையும் கொண்ட மரத்தையோ அனுமதிக்கிறது. நமக்குத் தேக்கு கிடைக்கிறது. எண்ணெய்ப்பசை கொண்டது, குறைவாக ஊதுவது, ஆனால் சிலிக்கா இருப்பதால் கத்தி சீக்கிரம் மழுங்கும். ரப்பர் மரப் பலகைகள் மலிவு. அந்த மரத்தில் மாவுச்சத்து மிகுதி, பூஞ்சைக்கும் வண்டுக்கும் பிடித்தமானது. ஈரத்தில் விட்டால் முதலில் கருக்கும். வேப்பமரப் பலகைக்குக் கிருமிநாசினிப் பட்டம் கட்டி விற்கிறார்கள். வேம்பின் பேர்பெற்ற அசாடிராக்டின் செறிந்திருப்பது விதையில். பலகையாக வாங்குங்கள், மருந்தாக வாங்காதீர்கள். மூங்கில் மரமே அல்ல, புல். கீற்றுகளைப் பசையால் ஒட்டிச் செய்தது என்பதால் ஊறல் அதற்கு இன்னும் பகை.

இந்த விஷயத்தில் நம்மிடம் பழைய அறிவே இல்லை என்று முதலில் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு: இறைச்சிக் கடைக்காரர்கள். தீபாவளியும் பக்ரீத்தும் நெருங்கும்போது சாலையோரத்தில் வட்ட வட்டமாக அறுத்த புளியமரக் கட்டைகள் விற்பனைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தைக் குறுக்கே அறுத்த துண்டு அது. ரேகை மேல்நோக்கி நிற்கும். நிமிர்த்தி வைத்த வைக்கோல் கட்டில் அரிவாள் இறங்கினால் தாள்களுக்கு இடையே புகுந்து வெளியேறும். படுக்கவைத்த கட்டில் இறங்கினால் தாள்களை அறுக்கும். புளியங்கட்டை முதல் வகை. நார் அறுபடுவது குறைவு, வெட்டுவாய் மீண்டும் நெருங்கிக்கொள்ளும், கத்தியின் முனையும் காப்பாற்றப்படும். நாள் முடிவில் கத்தியால் மேற்பரப்பைச் சுரண்டி, கல்லுப்பைத் தூவி வைக்கும் கடைக்காரர் செய்வதில் நல்ல அறிவியல் இருக்கிறது: சுரண்டலில் கொழுப்பும் சதைத் துணுக்கும் போகின்றன, இரவெல்லாம் கிடக்கும் உப்பு எஞ்சிய ஈரத்தை இழுக்கிறது. அரை நிமிடத்தில் உப்புக்கு முடியாதது ஓரிரவில் முடிகிறது. வீட்டில் குறுக்கு ரேகைப் பலகை வாங்குகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, குழாய்களின் வாய் மேலே திறந்திருப்பதால் அது நீரையும் எண்ணெயையும் அதிகம் குடிக்கும் என்பது.

இவ்வளவு பாடு எதற்கு, பிளாஸ்டிக் பலகையே போதாதா என்று கேட்கலாம். புதிதாக இருக்கும்வரை போதும். கத்திக் கீறல்கள் விழுந்த பிறகு, குறிப்பாகக் கோழிக் கொழுப்பு ஏறிய கீறல்களை, கையால் கழுவிச் சுத்தமாக்குவது கடினம் என்பதும் கிளைவர் குழு கண்டதே. மரம்போல் உள்ளே இழுத்துக் காயவைக்கும் வழி பிளாஸ்டிக்குக்கு இல்லை. வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கட்டுரை, பாலிஎத்திலீன் பலகையில் நறுக்குவதால் ஒருவருக்கு ஆண்டுக்கு 7.4 முதல் 50.7 கிராம் வரை நுண்பிளாஸ்டிக் சேரலாம் என்று மதிப்பிட்டது. மரப்பலகையிலிருந்தும் துகள்கள் உதிர்ந்தன, எண்ணிக்கையில் அதிகமாகவே. அவை மரத்துகள்கள் என்பதுதான் வித்தியாசம். பிளாஸ்டிக் துகள்கள் எலிச் செல்களை உடனடியாகப் பாதித்ததாகவும் அந்த ஆய்வில் தெரியவில்லை. பீதியடைய வேண்டியதில்லை, ஆனால் பிளாஸ்டிக் சுத்தம், மரம் அசுத்தம் என்ற பழைய தீர்ப்பு செல்லாது.

மரப்பலகையின் பெரிய வசதி, அதைப் புதுப்பிக்க முடியும் என்பது. கீறல்கள் பெருகினால் சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி வழவழப்பான தாளில் முடித்து, ரேகை வாக்கில் தேய்த்து, மறுபடி எண்ணெய் ஏற்றினால் புதுமுகம் வந்துவிடும். ஆனால் பிளவு விழுந்து, அதற்குள் நகம் நுழைகிறது என்றால் உப்புத்தாளுக்கும் எண்ணெய்க்கும் அங்கே வேலையில்லை. உணவுத் துணுக்கும் ஈரமும் நாள் முழுக்கத் தங்கும் இடம் அது. அந்தப் பலகையைச் சூடான பாத்திரம் இறக்கிவைக்க எடுத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்க வேறு வாங்குங்கள்.